காது மெஷினும் பீர்மேட்டு மழையும்

கேரளத்துப் பீர்மேட்டுப் பக்கத்தில் ஒருவருக்குக் காது மந்தமாகிவிட்டது என்றால், "வயசாயிருச்சு, இனி அப்படித்தான்" என்று ஒரே வார்த்தையில் அந்த விஷயத்தை முடித்துவிடுவது எங்கள் ஜனங்களின் வழக்கம். வண்டிப்பெரியார், பாம்பனார், ஏலப்பாறை என்று தேயிலைத் தோட்டங்கள் படர்ந்து கிடக்கும் இந்தப் பிரதேசத்தில், சில தலைமுறைகளுக்கு முன் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து மலையேறி வந்து குடியேறிய தமிழ்க் குடும்பத்தார், கண் மங்கினால் கம்பம், தேனி வரை இறங்கிப் போய்க் கண்ணாடி வாங்கிக்கொள்வார்கள். பல் விழுந்தால் பல் கட்டிக்கொள்வார்கள். காது போனால் மட்டும் அதைத் தலையெழுத்தென்று ஏற்றுக்கொண்டு, பேச்சு நடக்கும் இடத்திலிருந்து மெல்ல விலகி, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தின் வாசலில் தனியே உட்கார்ந்துவிடுவார்கள். அப்படி விலகி உட்கார்ந்தவர்களில் ஒருவர் என் பெரியப்பா. இன்று அவருடைய இரண்டு காதிலும் செவித்துணைக் கருவி இருக்கிறது. அந்தக் கருவிக்குள் நடப்பது என்ன, அது நம் மலைக்கும் நம் பாஷைக்கும் பொருந்தி வருவதற்கு நாம் கேட்டு வாங்க வேண்டியவை என்ன என்பதைச் சற்று விஸ்தாரமாகவே எழுத வேண்டுமென்று எனக்கு நெடுநாள் ஆசை.

பெரியப்பா தம் உத்தியோக காலம் முழுவதையும் தேயிலைத் தொழிற்சாலைக்குள் கழித்தவர். பசுங்கொழுந்தை வாட்டும் தொட்டிகளுக்கு இராப்பகலாகக் காற்றுத் தரும் விசிறிகளும், வாடிய கொழுந்தைக் கடித்துக் கிழித்துச் சுருட்டும் சி.டி.சி. ரோலர்களும், உலர்த்தும் யந்திரத்தின் ஊதுகாற்றும், தூளைச் சலித்துத் தரம் பிரிக்கும் சல்லடைகளின் ஓயாத குலுக்கலும் சேர்ந்து எழுப்பும் சப்தத்தில் வேலை செய்தவர்கள் படும் பாட்டை வெளியே நிற்பவர்கள் ஊகிப்பது கடினம். கை நீட்டும் தூரத்தில் நிற்பவருக்குக் கேட்க வேண்டுமானால் குரலை உயர்த்தியே ஆகவேண்டும் என்ற நிலை ஓரிடத்தில் இருக்குமானால், அங்கே சப்தம் ஏறத்தாழ 85 டெசிபெல்லையோ அதற்கு மேலோ எட்டிவிட்டது என்று கொள்ளலாம் என்பது இத்துறையார் சொல்லும் எளிய அடையாளம்; பெரியப்பாவும் அவருடைய சகாக்களும் குரலை உயர்த்திப் பார்த்துப் பயனில்லை என்று கண்டு, கைஜாடையிலேயே வேலையை நடத்திக்கொண்டு வந்தவர்கள். 90 டெசிபெல் சப்தத்தில் நாளொன்றுக்கு 8 மணி நேரத்துக்கு மேல் ஒருவர் இருக்கக் கூடாது, 95 ஆனால் 4 மணி நேரம், 100 ஆனால் 2 மணி நேரம் என்று நம் நாட்டுத் தொழிற்சாலை விதிகள் வரையறுத்திருக்கின்றன. அந்த அட்டவணையைத் தொழிற்சாலைச் சுவரில் ஒட்டி வைத்துப் படித்துக் காட்டியவர் ஒருவரும் இல்லை என்றுதான் பெரியப்பா சொல்கிறார்.

இப்படிப்பட்ட சப்தம் காதின் எந்தப் பாகத்தைத் தாக்குகிறது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் கருவியின் வேலை விளங்கும். உட்காதில் காக்ளியா என்னும் சுருண்ட உறுப்புக்குள், காது ஒன்றுக்கு ஏறத்தாழ 15,000 என்ற அளவில் மிக நுண்ணிய உரோம அணுக்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. ஓசையின் அசைவை மின் அதிர்வாக மாற்றி நரம்புக்குக் கொடுப்பவை அவையே. அதிக சப்தத்தினால் அவை நசித்துப்போனால் மனித தேகத்தில் மறுபடியும் முளைப்பதில்லை. அதிலும் முதலில் போவது 4,000 ஹெர்ட்ஸ் என்னும் கீச்சுத் தன்மையுள்ள ஓசைகளை வாங்கும் பகுதி. தாழ்ந்த ஓசைகளை வாங்கும் பகுதி நெடுங்காலம் நன்றாகவே இருக்கும். ஆதலால் இவ்வகைச் செவிக்குறை உள்ளவருக்கு ஒன்றுமே கேட்பதில்லை என்று நினைப்பது தவறு. பஸ் வருவது கேட்கும், இடி கேட்கும், பக்கத்து வீட்டுப் பேச்சின் முழக்கம்கூடக் கேட்கும். பேசிய விஷயம் மட்டும் பிடிபடாது. உயிர் ஓசைகளுக்குத் தாழ்ந்த அதிர்வுகளிலே பலம் மிகுதி. வல்லெழுத்துக்களை ஒன்றினின்று ஒன்று பிரித்துக் காட்டும் நுட்பமான அடையாளங்களோ பெரும்பாலும் உயர்ந்த அதிர்வுகளில் இருக்கின்றன. பட்டு, தட்டு, கட்டு, சட்டு என்ற நான்கும் அந்தக் காதுக்கு ஏறக்குறைய ஒரே சொல்லாகத்தான் போய்ச் சேரும். எது என்று ஊகித்துச் சொல்வது மூளையின் பாடு. நாள் முழுவதும் இப்படி ஊகித்து ஊகித்துக் களைத்துப் போகிறவர்கள்தாம் கடைசியில் பேச்சையே வெறுத்து ஒதுங்கிவிடுகிறார்கள்.

பரிசோதனைக்காக நாங்கள் மலையிறங்கிப் போனோம். சப்தம் புகாத சிறிய அறையில் பெரியப்பாவை உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, 250 ஹெர்ட்ஸ் தொடங்கி 8,000 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வொரு சுருதியாக மெல்லியதாக ஒலிக்கவிட்டு, கேட்கும்போது கை தூக்கச் சொன்னார்கள். முடிவில் தாளில் வரைந்து கொடுத்த ஆடியோகிராம் என்னும் கோடு, குட்டிக்கானத்துச் சமவெளியில் நிதானமாக வந்த ரோடு முண்டக்கயத்தை நோக்கி இறங்குவதுபோல, 1,000 ஹெர்ட்ஸ் வரை ஏறக்குறைய மட்டமாக வந்து அதன் பிறகு செங்குத்தாகச் சரிந்திருந்தது. அதற்கப்புறம் சொற்களைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொல்லும் சோதனை. ஆடியாலஜிஸ்ட் பெண்மணி, "கேள்க்காமோ?" என்று மிக அன்பாகக் கேட்டுவிட்டு, மலையாளச் சொற்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். பெரியப்பாவுக்குச் சந்தை மலையாளம் நன்றாக வரும். ஆனால் குறைந்த ஓசையில், உதட்டைப் பாராமல், தனிச் சொல்லைப் பிடிக்கும்போது தாய்பாஷைக்கும் பிற்பாடு கற்ற பாஷைக்கும் இருக்கும் வித்தியாசம் பெரிது. தமிழுக்கென்றே அமைத்த சொற்பட்டியல்கள் இருக்கின்றன. "தமிழ்ப் பட்டியல் கொண்டு சோதியுங்கள்" என்று தயங்காமல் கேட்க வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

இனி, செவிக்குறை உள்ளவர் இருக்கும் வீடுகளில் எல்லாம் கேட்கும் ஒரு புகாரைச் சொல்கிறேன். "மெல்லச் சொன்னா கேக்கலைங்கறாரு, சத்தமாச் சொன்னா ஏன் கத்துறேன்னு கோவிச்சுக்கிறாரு, நான் எப்படித்தான் பேச?" என்று பெரியம்மா பல வருஷங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் அதைப் பெரியப்பாவின் முன்கோபம் என்று எண்ணியிருந்தோம். அது கோபம் அன்று. உட்காது நோயின் லக்ஷணம். உரோம அணுக்கள் நசித்த காதில் மெல்லிய ஓசைகள் கேளாமற் போகின்றன. ஆனால் 'இதற்கு மேல் தாங்காது' என்னும் மேல் எல்லை மட்டும் மற்றவர்களுக்கு இருக்கும் இடத்திலேயே நின்றுவிடுகிறது. கேட்கத் தொடங்கும் அளவுக்கும் சகிக்க முடியாத அளவுக்கும் நடுவே உள்ள இடைவெளி குறுகிப்போய்விடுகிறது. நமக்கு விசாலமாக இருக்கும் அந்த இடைவெளிக்குள் அடங்கும் உலகத்து ஓசைகளையெல்லாம், அவருக்கு மிஞ்சியிருக்கும் அந்தக் குறுகிய இடத்துக்குள் எப்படிக் கொண்டு அடக்குவது என்பதுதான் செவித்துணைக் கருவி எதிர்கொள்ளும் முதன்மையான பிரச்சினை. ஓசையைப் பெரிதாக்குவது அதில் சுலபமான பாகம்.

பழைய கருவிகளுக்கு அந்தச் சுலபமான பாகந்தான் கைவந்திருந்தது. 1898-ல் அமெரிக்காவில் மில்லர் ரீஸ் ஹட்சிசன் என்பவர் மின்சாரத்தால் இயங்கும் கருவியைச் செய்தார். இங்கிலாந்து அரசி அலெக்சாண்ட்ரா அதை உபயோகித்த செய்தி பரவவே, டென்மார்க்கில் ஹான்ஸ் டெமன்ட் என்பவர் காது மந்தமான தம் மனைவி காமில்லாவுக்காக ஒன்றைத் தருவித்து, 1904-ல் அதையே வியாபாரமாகவும் தொடங்கினார். இன்றைய ஓட்டிகான் கம்பெனியின் ஆரம்பம் அதுவே. 1952-ன் கடைசியில் டிரான்சிஸ்டர் அமைந்த கருவி விற்பனைக்கு வந்தது. டிரான்சிஸ்டரை முதன்முதலாக வீட்டுக்குள் கொண்டுவந்த சாமான் ரேடியோ அன்று, காது மெஷின்தான் என்பது பலருக்குத் தெரியாது. நம் ஊர்களில் சட்டைப் பையில் சிறு பெட்டியும் அதிலிருந்து காதுக்கு ஓடும் ஒயருமாக வைத்துக்கொண்டிருந்த பெரியவர்களைப் பலர் பார்த்திருப்பீர்கள். அந்தப் பாக்கெட் மாடல்கள் பேச்சையும் பாத்திரம் விழும் சப்தத்தையும் ஒரே விகிதத்தில் பெருக்கின. மெல்லிய பேச்சு கேட்கும்படி வைத்தால் பாத்திரச் சப்தம் காதைக் கிழிக்கும். அதற்குப் பயந்து குறைத்தால் பேச்சு கேட்காது. 'காது மெஷின் போட்டால் இரைச்சல்தான்' என்று இன்றைக்கும் நம் ஜனங்களிடையே நிலவும் எண்ணம் அந்தக் காலத்து அனுபவத்தின் மிச்சம்.

1996-ல் காதுக்குள் அடங்கும் முழு டிஜிட்டல் கருவிகள் சந்தைக்கு வந்தபோது நிலைமை மாறியது. இன்றைய கருவி, மைக்கில் விழும் ஓசையை எண்களாக மாற்றி, தாழ்ந்த சுருதி, நடுத்தரம், உயர்ந்த சுருதி என்று பல சானல்களாகப் பகுத்து, ஒவ்வொரு சானலிலும் அந்தந்த நொடியில் ஓசை எவ்வளவு என்று அளந்து பார்த்து, மெல்லியதற்கு அதிகப் பெருக்கமும், நடுத்தரமானதற்குக் கொஞ்சமும் கொடுத்து, பெரிதாக இருப்பதற்குச் சிறிதும் கொடாமல் விட்டு, மறுபடியும் ஓசையாக்கிக் காதுக்குள் அனுப்புகிறது. இத்தனையும் நொடியில் நூறில் ஒரு பங்குக்குள் நடந்தாக வேண்டும். தாமதித்தால் தம் குரலே தமக்கு இரண்டாகக் கேட்கும். குறுகிய இடைவெளிக்குள் உலகத்தை அடக்கும் வித்தை இதுதான். கருவி பொருத்திய பிறகு பெரியம்மா வழக்கமான குரலில் "சாப்பிட வாங்க" என்றதும் பெரியப்பா எழுந்து வந்தார். அதே வேளையில் பின்கட்டில் குடம் உருண்டபோது அவர் முகம் சுளிக்கவில்லை.

ஆனால் எந்தச் சானலில் எவ்வளவு பெருக்கம் என்பதைக் கருவி தானாகத் தீர்மானித்துக்கொள்வதில்லை. ஆடியோகிராமின் அளவுகளைக் கம்ப்யூட்டரில் கொடுத்து, ஆஸ்திரேலியாவின் நேஷனல் அக்கௌஸ்டிக் லாபரட்டரீஸ் போன்ற ஆராய்ச்சி நிலையங்கள் வகுத்த சூத்திரங்களின்படி ஆடியாலஜிஸ்ட் அதை அமைக்கிறார். அந்தச் சூத்திரம் சராசரிக் காதுக்கானது. ஒவ்வொருவர் காதுத் துவாரத்தின் நீளமும் வளைவும் வேறு. செவிப்பறைக்கு அருகே மெல்லிய குழாயை நுழைத்து, கருவி உண்மையில் அங்கே எவ்வளவு ஓசையைக் கொண்டு சேர்க்கிறது என்று அளக்கும் ரியல் இயர் பரிசோதனை ஒன்று இருக்கிறது. பல இடங்களில் அதைச் செய்யாமலே அனுப்பிவிடுகிறார்கள். லக்ஷ ரூபாய்க் கருவியை அளந்து பாராமல் மாட்டிக்கொள்வதைவிட, சில ஆயிரம் ரூபாய்க் கருவியை நன்றாக அளந்து பொருத்திக்கொள்வது மேல் என்பதை நான் அழுத்திச் சொல்வேன்.

மழையைப் பற்றிச் சொல்லாமல் பீர்மேட்டைப் பற்றி எழுத முடியாது. ஜூன் பிறந்தால் லயத்துத் தகரக் கூரையின்மேல் நாள் கணக்கில் கொட்டும் மழையின் இரைச்சலில் நல்ல காதுக்காரர்களே ஒருவரோடொருவர் பேச முடியாது. கருவி இதை எப்படிச் சமாளிக்கிறது? பேச்சின் ஓசை அசைக்கு அசை ஏறி இறங்குவது. மழையும் விசிறியும் ஏற்றத்தாழ்வில்லாத ஒரே இரைச்சல். ஏறி இறங்காத ஓசை எந்தச் சானலில் நிற்கிறதோ அங்கே பெருக்கத்தைக் குறைத்துவிடுவது ஒரு முறை. இது காதுக்குச் சிரமம் குறைக்குமேயல்லாமல் பேச்சைப் பெரிதாகத் தெளிவாக்காது. விளம்பரங்கள் சொல்வதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. அதைவிடப் பிரயோஜனமானது இரண்டு மைக் வைக்கும் முறை. முன்னாலிருந்து வரும் குரல் முன் மைக்கைத் தொட்டு இம்மியளவு நேரம் கழித்தே பின் மைக்கைத் தொடும். அந்தச் சிறு வித்தியாசத்தைக் கணக்கிட்டு, பின்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் வருவதைக் கருவி தணித்துவிடுகிறது. ஆகவே பேசுகிறவர் எதிரே, முகம் தெரிய, அருகில் உட்கார்ந்து பேசுவது வீட்டார் கடமை. சமீப வருஷங்களில், லக்ஷக்கணக்கான ஓசைக் காட்சிகளைக் காட்டிப் பழக்கிய நரம்பு வலைக் கணிப்பு முறைகளைச் சில்லுக்குள்ளேயே அடக்கி, இரைச்சலினின்று பேச்சைப் பிரித்தெடுக்கும் கருவிகளும் வந்திருக்கின்றன. முன்னேற்றம் மெய்யானது, விலைதான் இன்னும் தோட்டத் தொழிலாளிக்கு எட்டாதது.

இரண்டு காதிலும் குறை இருந்தால் இரண்டு கருவி வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டும். ஓசை எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதை, அது ஒரு காதை அடைந்து மறு காதை அடைவதற்குள் கழியும் நேரத்தைக் கொண்டே மூளை முக்கியமாக அறிகிறது. அந்த வித்தியாசம் மிஞ்சிப்போனால் ஆயிரத்தில் ஒரு நொடிக்கும் குறைவு. மூடுபனி இறங்கி நாலடிக்கு மேல் தெரியாத வேளையில், கொக்கிபோல் வளையும் ரோட்டோரத்தில் நடக்கிறவனுக்கு, ஹாரன் மேலிருந்து வருகிறதா கீழிருந்து வருகிறதா என்று தெரிவது உயிர் சம்பந்தப்பட்ட காரியம். நல்ல கருவிகள் இரண்டும் ஒன்றோடொன்று ஒயரில்லாமல் பேசிக்கொண்டு, இந்த வித்தியாசங்கள் கெடாதபடி ஒத்து இயங்குகின்றன.

வடிவத்தைப் பற்றியும் பேச வேண்டும். வெளியே தெரியக் கூடாது என்ற ஒரே காரணத்துக்காகக் காதுத் துவாரத்துக்குள் மறையும் சிறிய கருவியைத் தேடுகிறவர்கள் மிகுதி. கடுமையான குறைக்கு அதன் பலம் போதாது. நடுங்கும் விரல்களுக்கு அது அகப்படுவதும் இல்லை. காதின் பின்புறம் தொங்கும் கருவியே பெரும்பாலான முதியவர்களுக்கு ஏற்றது. தாழ்ந்த ஓசை நன்றாகக் கேட்கிறவர்களுக்கு, ஸ்பீக்கரை மட்டும் மெல்லிய ஒயரால் காதுக்குள் கொண்டுபோய், துவாரமுள்ள சிலிக்கான் குடையில் பொருத்தும் வகை உத்தமம். காது அடைபடாததால் தம் குரல் குடத்துக்குள் பேசுவதுபோல் முழங்காது. கொழுந்து பறிக்கும் பெண்கள் விஷயத்தில் ஒன்று கவனிக்க வேண்டும். தலையில் இறுக்கிக் கட்டும் துணியும், மழைக்குப் போர்த்தும் பிளாஸ்டிக் தாளும் காதின் பின்னே உள்ள மைக்கில் உரசி உரசிச் சரசரவென்று நாள் முழுவதும் ஓசை எழுப்பும். அவர்கள் தங்கள் வேலையின் தன்மையை முன்கூட்டியே சொன்னால், மைக் காதுமடலின் குழிக்குள் அமையும் வகையை ஆடியாலஜிஸ்ட் பார்த்துச் சொல்வார்.

நம் மலையில் கருவிக்கு முதல் சத்ரு ஈரம். ஐ.பி.68 என்று முத்திரையிட்ட கருவிகள் தூசிக்கும் தண்ணீருக்கும் தாக்குப் பிடிப்பவை. ஆயினும் காதின் வெப்பத்திலிருந்து வெளியேறும் ஆவி, குளிர்ந்த காற்றில் இருக்கும் பிளாஸ்டிக் குழாயில் பட்டுத் துளியாகித் தேங்கும். அந்த ஒரு துளி போதும், 'மெஷின் ரிப்பேர்' என்று மூலையில் போட்டுவிட. குழாயைக் கழற்றிச் சிறிய ரப்பர் பல்பினால் ஊதிவிட்டு, இரவில் சிலிக்கா ஜெல் இட்ட மூடிய டப்பியில் கருவியை வைத்தால் மறுநாள் காலையில் பழையபடி பேசும். பாட்டரியிலும் சூக்ஷ்மம் உண்டு. ஜிங்க் ஏர் பாட்டரியின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை உரித்தபின், காற்று உள்ளே புகுந்து உயிர் பெற அதற்கு ஒரு நிமிஷமாவது அவகாசம் கொடுத்துப் பிறகு போட வேண்டும். உரித்துவிட்டால் உபயோகித்தாலும் இல்லாவிட்டாலும் அது தீர்ந்துகொண்டேயிருக்கும். ஆரஞ்சு ஸ்டிக்கர் 13, பழுப்பு 312, நீலம் 675 என்று நிறத்தைக் கொண்டே அளவை அறியலாம். எழுத்தறியாதவர்களுக்கு இது பெரிய சௌகரியம். சார்ஜ் ஏற்றும் கருவி விரல் நடுக்கமுள்ளவர்களுக்கு நல்லதுதான். எனினும் மரம் விழுந்து கரண்டு போனால் திரும்பி வரக் காலம் பிடிக்கும் தோட்டங்களில் இருப்பவர்கள் பாட்டரிக் கருவியையும் யோசித்துப் பார்ப்பது நலம்.

பெரியப்பாவுக்குக் கருவியின் அம்சங்களில் எது மிகவும் பிரியம் என்றால், புளூடூத்தைத்தான் சொல்வேன். திருப்பூரில் வேலை பார்க்கும் பேத்தி கூப்பிட்டால் அவள் குரல் இடைவழி இரைச்சல் எதுவுமின்றி இரண்டு காதுக்குள்ளும் நேரே வருகிறது. முன்பெல்லாம் போனைப் பெரியம்மாவிடம் நீட்டிவிட்டு எழுந்து போய்விடுவார். இப்போது அவள் ஹாஸ்டல் சமையல் வரைக்கும் விசாரிக்கிறார். இதே தொடர்பின் வழியாகச் சில கருவிகளை, மலையிறங்காமலே, தூரத்திலிருக்கும் ஆடியாலஜிஸ்ட் போன் மூலம் திருத்தித் தரவும் முடிகிறது. 70 கிலோமீட்டருக்குக் குறையாத தூரத்தில் கோட்டயம் இருக்கும் நமக்கு இதைவிட உபகாரமான அம்சம் வேறில்லை. வாங்கும்போது இதைக் கட்டாயம் கேளுங்கள்.

உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்குப்படி உலகில் 43 கோடிக்கு மேற்பட்டவர்களுக்குச் செவிக்குறைக்கான உதவி தேவைப்படுகிறது. நம் நாட்டில் 1981 முதல் நடக்கும் மத்திய அரசின் ஆதிப் திட்டத்தில், தகுதியுள்ளவர்களுக்குக் கருவி இலவசமாகவோ சலுகையிலோ கிடைக்கிறது, முகாம்களிலும் வழங்குகிறார்கள். கொடுப்பது தர்மமான காரியம், அதில் சந்தேகமில்லை. ஆனால் பல வருஷம் மௌனத்தில் இருந்த மூளை புதிய ஓசைகளுக்குப் பழகச் சில வாரங்களாவது ஆகும். அதற்குள் ஒருமுறையாவது அளவுகளைத் திருத்த வேண்டும். திருத்த ஆளில்லாத காரணத்தால், அட்டைப் பெட்டியோடு அலமாரியில் தூங்கும் கருவிகளை எங்கள் லயங்களில் வீட்டுக்கு வீடு நான் கண்டிருக்கிறேன். இன்னொன்றும் சொல்ல வேண்டும். வேலை செய்யும் இடத்துச் சப்தத்தினால் வரும் செவிக்குறையை 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டம் தொழில் நோய்களின் அட்டவணையில் சேர்த்திருந்தது. 1923-ஆம் வருஷத்துத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தின் அட்டவணையிலும் அது இடம்பெற்றது. இரைச்சலில் காதை இழந்தவன் கேட்பது பிச்சை அன்று, பாத்தியதை.

ஆகையால் தொழிற்சங்கத் தோழர்களுக்கும் முகாம் நடத்தும் அன்பர்களுக்கும் என் விண்ணப்பம் இதுதான். இன்றைக்கு ரோலர் பக்கத்தில் நிற்கும் இளைஞர்களுக்குக் காதடைப்பானும், வருஷம் ஒருமுறை ஆடியோகிராமும் கேட்டு வாங்கிக் கொடுங்கள். கருவி வழங்கிய நாளோடு திரும்பிவிடாமல், ஆறு வாரம் கழித்து அதே ஊரில் அதே மனிதர்களைப் பார்க்கத் தேதி குறித்து, தமிழ் தெரிந்த ஆடியாலஜிஸ்ட் ஒருவரை அவருடைய லேப்டாப்புடன் அழைத்து வாருங்கள். அலமாரியில் கிடக்கும் பழைய கருவிகளையும் அன்றைக்கு எடுத்துவரச் சொல்லுங்கள். அவற்றில் பல இன்னும் வேலை செய்யக்கூடியவை.